பிழை எண் நான்கு

மார்ச் 3, திங்கள்

காலையில் ஷாஜிதா என்னைக் கூப்பிட்டு என் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். யாரோ ஒரு விவசாயி என்னை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். என்னை என்றால், என் குரலை.

எங்கள் கம்பெனி செய்வது மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. வீட்டிலிருந்து போன் போட்டால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். ஏதாவது கோளாறு என்றால் பெட்டி எங்கள் சர்வருக்குச் சொல்லும். சர்வர் விவசாயியைப் போனில் கூப்பிட்டு, பதிவு செய்த குரலில் சேதி சொல்லும். அந்தக் குரல் என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக் கொடுத்தேன். இன்று பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதுகிறவர்களில் நான் மூத்தவள். குரல் மட்டும் அன்றைக்கு இருந்த பெண்ணுடையதாகவே இருக்கிறது.

"பிழை எண் நான்கு. சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலவும்."

தண்ணீர் இல்லாவிட்டாலும் நான்கு. கரண்ட் இல்லாவிட்டாலும் நான்கு. எலி ஒயரைக் கடித்தாலும் நான்கு.

"இந்தக் கோடையில பாதி போன் கால் நாலாம் நம்பருக்குத்தான்க்கா வருது," என்றாள் ஷாஜிதா. புகார்ப் பிரிவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். "என்ன கோளாறுன்னு கேக்குறாங்க. எனக்கும் நாலுங்கறது மட்டும்தானே தெரியுது."

தொண்டை இன்னும் கரகரவென்று இருக்கிறது. டாக்டரிடம் காட்டு என்று வீட்டில் அவர் மறுபடியும் சொன்னார். ஏசி தூசிதான்.

மார்ச் 6, வியாழன்

பொங்கலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் எரிந்துவிட்டது. முதலாளி என்னையும் சர்வீஸ் ஆளுடன் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

தோட்டக்காரர் ருக்மணி என்கிற அம்மா. தென்னங்கன்றுகள் வெயிலில் தலை தொங்கி நின்றன. போர்வெல்லிலிருந்து மேலே தூக்கிப் போட்டிருந்த மோட்டாரில் செம்புக் கம்பிக் காயில் கருகிய நாற்றம். நான் "வணக்கங்க" என்று சொன்னதும் அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார்.

"நீதானா அம்மிணி அந்த நாலாம் நம்பர்?"

"ஆமாங்க."

"கொஞ்ச நேரங்கழிச்சுப் போடுன்னே. போட்டேன். மறுக்காவும் கூப்பிட்டு அதையே சொன்னே. மறுக்காவும் போட்டேன். போர்ல தண்ணி இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எதுக்குப் போடறேன்?"

அந்த அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பெட்டியைத் திறந்து அதன் பதிவைப் படித்தேன். தண்ணீர் இல்லை என்பது அதற்கு முதல் தடவையே தெரிந்திருக்கிறது. அதைச் சரியாகச் சொல்லியும் இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

எங்கே தொலைந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

மோட்டாரைக் கவனிக்கும் சர்க்யூட் பலகை, தண்ணீர் இல்லை என்பதற்குப் பன்னிரண்டு என்று சொல்கிறது. அதே பெட்டியில் சிம் கார்டு இருக்கும் பலகைக்கு வேறு எண் வரிசை. பன்னிரண்டை வாங்கி, தன் வரிசையில் கிட்டத்தட்டப் பொருந்துகிற மூன்றாக மாற்றி அனுப்புகிறது. அதில் மூன்று என்றால் "மோட்டார் ஓடவில்லை". சர்வருக்கு இன்னொரு வரிசை. அதில் மூன்று என்றால் தற்காலிகத் தடங்கல். தற்காலிகம் என்றால் மறுபடி முயலச் சொல்ல வேண்டியதுதானே. நான்கு.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்குப் புரிந்த மாதிரி கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவில் "ஓட்டாதே" என்பது "மறுபடி ஓட்டு" என்று ஆகிவிட்டது.

மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். டிபன் பாக்ஸை அப்படியே கொண்டுவந்ததற்கு வீட்டில் பாட்டு.

மார்ச் 11, செவ்வாய்

முதலாளி சென்னியப்பன் அறையில் கூட்டம். நான் சொன்னது இதுதான்: எல்லாருக்கும் ஒரே எண் வரிசை. பெட்டி சொல்லும் எண் கை படாமல் விவசாயியின் போன் வரைக்கும் போக வேண்டும். நடுவில் இருப்பவர் அந்தக் கோளாறைத் தானே சரிசெய்ய முடிந்தால் செய்யட்டும். முடியாவிட்டால் மாற்றாமல் மேலே தள்ளிவிடட்டும். தெரியாத எண் வந்தால், தெரியாது என்றே சொல்ல வேண்டும்.

சர்வர் பகுதி ஜோதிலிங்கம் சாருடையது. அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"நடுவுல இருக்கறவன் எதையும் தொடாம அனுப்பறதுன்னா, அவன் எதுக்குங்க நடுவுல?"

"சேதி போய்ச் சேர்றதுக்குங்க சார்."

"தெரியாதுன்னு கம்பெனியே போன் போட்டுச் சொல்றதா? நாளைக்கு ஒருத்தன் பெட்டி வாங்குவானா?"

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க அம்மிணி. எனக்கு மே மாசத்துக்குள்ள மோட்டார் எரியறது நிக்கோணும்."

மார்ச் 13, வியாழன்

கழுத்தில் ஸ்கேன். தைராய்டில் சின்னக் கட்டி. ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அரை நாள் வீண்.

மார்ச் 18, செவ்வாய்

ஜோதிலிங்கம் சார் பிடி கொடுப்பதில்லை. மெயில் போட்டால் "பார்க்கிறேன்" என்கிறார். காரணம் இன்று ஷாஜிதா சொல்லித் தெரிந்தது.

சில வருஷத்துக்கு முன் சேதிகள் தனித்தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தனவாம். ஒரு நாள் தண்ணீர் இல்லாத போருக்கு "மின் அழுத்தம் குறைவு" என்று சேதி போயிருக்கிறது. கரண்ட் வந்ததும் ஓட்டலாம் என்று அந்த விவசாயி ஓட்ட, மோட்டார் எரிந்துவிட்டது. அவர் கருகிய காயிலைக் கொண்டுவந்து ஜோதிலிங்கம் சார் மேஜைமேல் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாராம். அதற்குப் பிறகுதான் எல்லாம் நான்கு.

"தப்பாச் சொல்றதுக்கு ஒண்ணுமே சொல்லாம இருக்கலாம்னு நெனச்சிருப்பாருக்கா," என்றாள். பிறகு, "இந்த வெயில்ல துப்பட்டாவை ஏன் கழுத்தச் சுத்திப் போட்டிருக்கீங்க?"

ஏசி என்றேன்.

மார்ச் 20, வியாழன்

பரிசோதனை முடிவு வந்தது. "உறுதியாகச் சொல்ல முடியாது" என்று போட்டிருக்கிறது. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஏப்ரல் 4 ஆபரேஷன். குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறதாம். நூற்றில் ஓரிருவருக்குத்தான் குரல் பாதிக்கும் என்றார் டாக்டர். எங்கள் பெட்டிகள் அதைவிட அதிகமாகவே பழுதாகின்றன. கவலைப்பட எதுவும் இல்லை.

கூட வந்திருந்த அவர் மருந்துக் கடையில் சில்லறை வாங்காமலே வந்துவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

ஜோதிலிங்கம் சாரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "சார், அன்னைக்கு அந்தச் சேதி எங்க மாறுச்சுன்னு பாத்தீங்களா?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? சர்வர்லதான் மாறியிருக்கும். சர்வர் என்னோடது."

"பாக்கலாமாங்க?"

பழைய புரோகிராமும் அந்த நாளின் பதிவும் கிடங்குக் கணினியில் இருந்தன. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மோட்டார் பலகை பன்னிரண்டு என்று சரியாகச் சொல்லியிருக்கிறது. சிம் பலகையில் பன்னிரண்டுக்கு நேராக, குறைந்த மின் அழுத்தத்துக்கான எண்ணை யாரோ எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சர்வர் செய்தது எல்லாமே ஒழுங்கு. அவருக்கு வந்ததைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

திரையை இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அப்ப என் பக்கம் தப்பில்லீங்களா?"

"இல்லீங்க சார். தப்பு ஒரு ஆளோடதே இல்லீங்க. மொழிபெயர்ப்புலதான்."

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனேன். திரும்பி வந்தபோது புதுத் தாள் ஒன்றில் அவர் கையாலேயே "ஒரே வரிசை" என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இட்டிருந்தார்.

மார்ச் 28, வெள்ளி

வேலை ஓடுகிறது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரே எண், ஒரே பெயர், அதோடு ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: மறுபடி ஓட்டலாமா, கூடாதா? அந்தப் பதிலைப் பெட்டிதான் சொல்லும். வேறு யாரும் ஊகிக்கக் கூடாது.

சர்வரில் எண்களை மாற்றும் பகுதி முழுவதையும் ஜோதிலிங்கம் சார் தானே அழித்தார். திரை திரையாகப் போய்க்கொண்டே இருந்தது. "ஒவ்வொரு மழைக்கும் ஒரு ஓடு மாத்தற மாதிரி ஒட்டிக்கிட்டே வந்தேன். இப்பப் பாருங்க, வீட்டுக்கு வெளிச்சம் வருது," என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

சிம் பலகைக்காரர்கள் இன்னும் பத்து நாள் வேண்டும் என்கிறார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் தேதியை 21க்கு மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் அதுதான் வசதியாம்.

ஏப்ரல் 3, வியாழன்

அவர் இரண்டு நாளாக என்னுடன் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா நெருங்குகிறது. பி.டி. வாத்தியாருக்கு அலைச்சல் இருக்கத்தானே செய்யும்.

தோசைக்கு ஊற வைத்தேன். அரைக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

பேசிவிட்டார். பேசவே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

"மணிவேல் பொண்டாட்டி ஆபரேஷனை ஏன் தள்ளிப் போட்டான்னு ஆராச்சும் கேட்டா நான் என்ன சொல்லட்டும்? மோட்டாருக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னா?"

"பதினஞ்சு இருபது நாள்ல ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொன்னாருங்க."

"நீ கேட்டதுக்கு அப்பறம் சொன்னாரு."

பிறகு அவரே மாவு அரைத்தார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றைய நாளை விவரமாக எழுத வேண்டும்.

தொழிற்சாலையின் பின்பக்கம் தொட்டி, மோட்டார்கள், பெட்டிகள் எல்லாம் வரிசையாக வைத்துச் சோதனை. முதலாளி கையில் போன். புதுச் சேதிகளை இப்போதைக்கு ஷாஜிதாவின் குரலில் போட்டிருந்தோம். ஜோதிலிங்கம் சார் போய் ஒரு ஃபியூஸைப் பிடுங்கினார். போன் அடித்தது. முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"மூன்று ஃபேஸில் ஒன்றில் கரண்ட் வரவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டேன். கரண்ட் சரியானதும் நானே ஓட்டுவேன்."

தொட்டியில் தண்ணீரை வடித்தோம். "போரில் தண்ணீர் இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டேன். நீங்களாகச் சொல்லும்வரை ஓட்ட மாட்டேன்."

ஒவ்வொன்றாக எதைக் கெடுத்தாலும் அந்தக் கோளாறையே சரியாகச் சொன்னது. முதலாளி யாரிடமும் சொல்லாமல் தானே போய், சோதனைக்கான திருகைத் திருப்பி, எங்கள் வரிசையிலேயே இல்லாத ஓர் எண்ணை அனுப்பினார். போன் மறுபடி அடித்தது.

"இது எங்களுக்கும் தெரியாத கோளாறு. மோட்டாரை நிறுத்திவிட்டேன். பெட்டியைத் தொட வேண்டாம். எங்கள் ஆள் உங்களைக் கூப்பிடுவார்."

முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜோதிலிங்கம் சாரைப் பார்த்தார். "ஏனுங்க ஜோதி, தெரியாதுன்னு சொன்னா எவனும் வாங்க மாட்டான்னீங்க. நான் வாங்குவேன்."

அத்தனை பேருக்கும் டீயும் பஜ்ஜியும் வந்தன. எனக்கு விழுங்கக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. பஜ்ஜி கொஞ்சம் காய்ந்திருந்தது.

ஏப்ரல் 12, சனி

ராம்நகரில் ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. ரேடியோவில் பேசுகிற யாரையாவது வைக்கலாம் என்றார் முதலாளி. வேண்டாம், நானே பேசுகிறேன் என்றேன். என் குரலைக் கேட்டு ஏமாந்தவர்கள் என் குரலிலேயே உண்மையைக் கேட்கட்டும் என்று தோன்றியது. அதை முதலாளியிடம் சொல்லவில்லை.

வீட்டிலிருந்து அவர் பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். வேண்டிய சேதிகள் சீக்கிரமே முடிந்துவிட்டன. பிறகு பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண்கள் சொன்னேன். கிழமைகள், மாதங்கள். இடி, மழை, காற்று, கிணறு, வாய்க்கால், நன்றி, மன்னிக்கவும். "இதெல்லாம் எதுக்குங்க மேடம்?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். எப்போதாவது தேவைப்படும் என்றேன்.

கடைசியில் மைக் இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க "சாப்டீங்களா" என்று ஒரு தடவை சொன்னேன். அதையும் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டார் அவர். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

உடுமலைப் பகுதிப் பெட்டிகளுக்கு மட்டும் முதலில் புதுப் புரோகிராம் அனுப்பினோம். காலையில் பழைய மாடல் பெட்டிகள் சில பதிலே சொல்லவில்லை. மத்தியானம் சொல்லின. நாளை எல்லா மாவட்டத்துக்கும்.

ஏப்ரல் 19, சனி

லீவு எழுதிக் கொடுத்தேன். ஊருக்குப் போவதாகச் சொன்னேன்.

"எந்த ஊருக்குக்கா?" என்று கேட்டாள் ஷாஜிதா. நான் யோசிப்பதற்குள் என் கழுத்துத் துப்பட்டாவை மெல்ல விலக்கிப் பார்த்துவிட்டு, திரும்பவும் ஒழுங்காகச் சுற்றிவிட்டாள். "எங்க மாமிக்கும் இதே எடத்துலதான் இருந்துச்சு. நல்லாயிருக்காங்க. போயிட்டு வாங்க. இங்க நான் பாத்துக்கறேன்."

ஏப்ரல் 20, ஞாயிறு

பையில் துணி எடுத்து வைத்தேன். பயம் எதுவும் இல்லை. கத்தரிக்காய்க் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அவர் தண்ணீர் கேட்காமல் சாப்பிட்டார்.

ஏப்ரல் 23, புதன்

முடிந்தது. வலி பரவாயில்லை. குரல் வரவில்லை. காற்று மட்டும் வருகிறது. வீங்கிய நரம்பு தெளிய நாளாகும் என்கிறார்கள்.

அவர் கேள்விகளை ஆமாம், இல்லை என்று தலையாட்டுகிற மாதிரியே கேட்கிறார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. சாயங்காலம் ஜோதிலிங்கம் சாரும் ஷாஜிதாவும் ஆரஞ்சுப் பழத்துடன் வந்தார்கள். நான் போனில் தட்டிக் காட்ட, அவர்கள் வாயால் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை கோடை மழையும் காற்றுமாக அடித்ததில் உடுமலை, மடத்துக்குளம் பக்கமெல்லாம் மின்கம்பம் சாய்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒரே நேரத்தில் கோளாறு சொல்லியிருக்கின்றன.

"போன வருஷம் இதே மாதிரி மழைக்கு எங்க லைன் எல்லாம் நெரிஞ்சு போச்சுல்லக்கா," என்றாள் ஷாஜிதா. "இந்தத் தடவ நாங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டு ரெடியா உக்காந்திருக்கோம், கால் வரவே இல்ல. லைன் செத்துப் போச்சோன்னு நானே வெளிய இருந்து போன் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. அவங்களுக்கு வேண்டியத நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க, அப்பறம் எங்ககிட்ட என்ன கேக்கப் போறாங்க?"

ஜோதிலிங்கம் சார் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு பெட்டிக்குத் தெரியாத நம்பர் வந்துச்சுங்க. முப்பத்தொண்ணு. மடத்துக்குளத்துல நாகமாணிக்கம்னு ஒருத்தர். பெட்டியைத் தொடாதீங்கன்னு சொன்னதும் அவர் பாதி வழியில நின்னுட்டாராம். நான்தான் அவரைக் கூப்பிட்டேன். லைன்மேன் போய் டெஸ்டரை வெச்சா, பெட்டியோட தகரமெல்லாம் கரண்ட். மழைத் தண்ணி வேற நின்னுட்டிருக்கு."

ஜோதிலிங்கம் சார் ஓர் ஆரஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மோட்டார் பலகைக்காரங்க கசிவு பாக்கற சென்சார் ஒண்ணைப் புதுசாப் போட்டிருக்காங்க. நம்பரை நமக்குச் சொல்லலை. பழைய முறையா இருந்தா நான் அதை நாலாக்கியிருப்பேன். கொஞ்ச நேரங்கழிச்சுப் போடுன்னு சொல்லியிருப்பேன்." சொல்லிவிட்டுக் கையிலிருந்த ஆரஞ்சை உரிக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தார்.

நான் போனில் தட்டிக் காட்டினேன்: "நீங்க எதையும் மாத்தலை சார். அதனால அவர் உயிரோட இருக்காரு."

அவர்கள் போனதும் அவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே சீட்டியடித்தார். கல்யாணமான புதிதில் அடித்தது.

ஏப்ரல் 30, புதன்

முப்பத்தொன்றை வரிசையில் சேர்த்தாயிற்று. "பெட்டியின் உடலில் மின்கசிவு. ஓட்டக் கூடாது." இனி யார் புதுக் கோளாறு சேர்த்தாலும் வரிசையில் எழுதாமல் பெட்டி தயாராகாது என்று ஜோதிலிங்கம் சார் பூட்டுப் போட்டுவிட்டார். புதுப் புரோகிராம் போன இரண்டு வாரத்தில் தண்ணீரில்லாமல் ஓடி எரிந்த மோட்டார் எதுவும் புகாரில் இல்லை என்று முதலாளி மெயில் போட்டிருக்கிறார். எல்லாருக்கும் ஊக்கத்தொகையாம். ருக்மணி அம்மாவுக்குக் கம்பெனி செலவில் புது மோட்டார் இறக்கிக் கொடுத்தாயிற்று.

கட்டியின் முடிவும் வந்தது. சாதாரணக் கட்டிதான்.

அவர் மைசூர்பாகு வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் மோட்டார் ஓடுகிறது என்றாராம்.

மே 7, புதன்

காலையில் பால்காரர் அரை லிட்டருக்குப் பதிலாக ஒரு லிட்டர் ஊற்றப் போனார். "அரை போதுங்க" என்றேன். அவர் நிறுத்தினார்.

சொன்னது நான்தான் என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முன்பு இருந்ததைவிடக் கனமான குரல். ஓரத்தில் பிசிறு. ஆனாலும் குரல்.

உள்ளே போய் அவரை எழுப்பினேன். பெயர் சொல்லி எழுப்பினேன். திட்டவில்லை.

மே 14, புதன்

ஆபீஸுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. முப்பத்தொன்றாம் எண்ணுக்கு இன்னும் குரல் இல்லை. ஏப்ரலில் பேசிவைத்த வார்த்தைகளை வெட்டி ஒட்டலாம் என்றார் ஸ்டுடியோக்காரர். வேண்டாம் என்றேன்.

இன்று போய் இந்தக் குரலிலேயே பேசினேன். "பெட்டியின் மேல் கரண்ட் கசிகிறது. தொடாதீர்கள். குழந்தைகளையும் மாடுகளையும் தள்ளி நிறுத்துங்கள்." ஒரே தடவையில் சரியாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோதிலிங்கம் சார் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இந்தச் சேதிக்கு இந்தக் குரல்தான் பொருத்தம், கேட்டால் நிற்கத் தோன்றுகிறது என்றார். மத்தியானமே சர்வரில் ஏற்றிவிட்டோம். புதுச் சேதி வந்திருக்கிறது என்று விவசாயிகள் எல்லாருக்கும் ஒரு தடவை அதைப் போட்டும் காட்டினோம்.

சாயங்காலம் ஷாஜிதா புகார்ப் பிரிவிலிருந்து எழுந்து என் மேஜைக்கே வந்தாள். ஹெட்போன் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, தாராபுரத்துல இருந்து ஒரு பெரியவர் லைன்ல இருக்காரு. கோளாறெல்லாம் ஒண்ணுமில்லையாம். இத்தனை வருஷமாப் பேசற அந்தப் புள்ள நல்லாயிருக்குதான்னு கேக்கறாரு. இன்னைக்குப் பேசினது அதோட அக்காவான்னும் கேக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

"லைனை இங்க குடு," என்றேன்.